கிழவனுக்கு எதிராகப் பேசிய திங்கட்கிழமைகள்

ஐந்து வருடம், திங்கட்கிழமை தவறாமல், ஒரு மனிதனைத் திட்டியிருக்கிறேன். அவனை நான் நேரில் பார்த்ததில்லை. அவன் ஆடுகிற ஆட்டமே ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. அவன் அமெரிக்காவில், நான் மந்தைவெளியில், இரண்டாவது மாடியில். நாற்பதைத் தாண்டியும் ஓய்வு பெறமாட்டேன் என்று நின்றுகொண்டிருந்த அவனை நானும் என் மகனும் ‘கிழவன்’ என்றுதான் சொல்வோம். எனக்கு அறுபத்தொன்பது. நான் போய் அவனைக் கிழவன் என்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

அமெரிக்கக் கால்பந்தில் காலுக்கு வேலை குறைவு. பந்தைக் கையில் வாங்கி, யாரிடம் எறிவது என்று இரண்டு மூன்று நொடிக்குள் முடிவு செய்து எறிகிறவன்தான் அணியின் மூளை. அவனுக்கு குவார்ட்டர்பேக் என்று பெயர். இந்தப் பெயரை போனில் உரக்கச் சொல்லப்போய், நான் காலங்காத்தாலேயே ஆரம்பித்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டம்மா ஒரு மாதம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் வழக்கு இதுதான்: கிழவன் நிஜமாகவே பெரிய ஆட்டக்காரனா, அல்லது ஊர் கூடித் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறதா? பெரிய ஆட்டக்காரன் என்பது மகன் கட்சி. ஓவர்ரேட்டட் என்பது என் கட்சி. கிழவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கட்சி பிடித்த காரணம் வேறு.

என் மனைவி இருந்தவரை போன் அவள் இலாகா. மகனோடு முக்கால் மணி நேரம் பேசுவாள். வத்தக்குழம்பில் ஆரம்பித்து மருமகளின் முதுகுவலி வரை போய்விட்டு, கடைசியில் “இரு, அப்பாகிட்ட குடுக்கறேன்” என்று நீட்டுவாள். எனக்கு மிச்சம் இருப்பது “உடம்பப் பாத்துக்கோ” மட்டும்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் போய்ச் சேர்ந்தாள். போன் நேராக என் கைக்கு வந்தது. எனக்கும் என் பிள்ளைக்கும் பேசிக்கொள்ள ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

“சாப்டியாப்பா?”

“ஆச்சு. நீ?”

“இனிமேதான். அங்க மழையா?”

“வெயிலு. அங்க?”

“பனி.”

“சரி.”

“சரிப்பா. வச்சிடவா?”

“வச்சிடு.”

மூன்று நிமிடம்கூட ஆகாது. பிறகு அடுத்த வாரம் வரைக்கும் வீட்டில் என் குரலையே நான் கேட்கமாட்டேன். பொய் சொல்வானேன், அழுதிருக்கிறேன். நாற்பது வருடம் மைக் பிடித்துப் பேசினவன், பெற்ற பிள்ளையிடம் பேச வார்த்தையில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

மைக் என்று சொன்னேன் இல்லையா, அதையும் சொல்லிவிட வேண்டும். பகலில் எனக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. சாயங்காலமும் லீவு நாளும் பட்டிமன்றம். பெரிய பேச்சாளன் ஒன்றும் இல்லை. சுவரொட்டியில் நடுவர் படம் பெரிதாக இருக்கும், கீழே சின்ன வட்டங்களாக ஆறு முகம் இருக்கும், அதில் ஐந்தாவது வட்டம் நான். மயிலாப்பூர் சபா, தி.நகர் கல்யாண மண்டபம், அடையாறு காலனி ஆண்டு விழா என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். முந்தின நாள் நடுவர் போன் செய்து எந்த அணி என்று சொல்வார். எனக்கு இந்த அணி கொடுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கணவனா மனைவியா என்றால் மனைவி. சொந்தமா நட்பா என்றால் நட்பு. கொடுத்த பக்கத்துக்குப் பேசிக் கைதட்டு வாங்குவதுதான் வேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. “எதிரணித் தோழருக்கு மண்டைக்குள் மூளைதான் இருக்கிறதா, களிமண்ணா?” என்று கேட்டவனும் கேட்கப்பட்டவனும் ஊர் திரும்புவது ஒரே வேனில்தான். வழியில் நிறுத்தி இட்லி சாப்பிடுவோம். ஒருவன் இலையில் இருக்கும் சட்னியை இன்னொருவன் தொட்டுக்கொள்வான். மேடையில் பேசினதை யாரும் வேனுக்குள் கொண்டுவருவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு நாக்கு நீளம்.

ஒரு திங்கட்கிழமை காலை, அங்கே அப்போது ஞாயிறு இரவு, மகன் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷமா என்று கேட்டேன். மேட்ச் பார்த்துக் கத்தினேன் என்றான். கிழவனைப் பற்றி நாலு வார்த்தை சொன்னான். பழக்கதோஷம், என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒருத்தனையே தூக்கி வச்சு ஆடினா எப்படிடா? மத்த பத்து பேரும் என்ன பல்லாங்குழியா ஆடறாங்க?”

அவ்வளவுதான். பிள்ளை பொங்கிவிட்டான். இருபத்தைந்து நிமிடம்! எட்டாம் வகுப்பில் சைக்கிள் கேட்டு என்னோடு மல்லுக்கு நின்ற அதே குரல். ‘வச்சிடவா’ என்று கேட்க மறந்தே போனான். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். இந்த வழக்கில் எனக்கு எதிரணியில் நாற்காலி போட்டாகிவிட்டது. இனி எழுந்திருக்கமாட்டேன்.

வயசான காலத்தில் உட்கார்ந்து பாடம் படித்தேன். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும் என்பது புரியவே எனக்கு ஒரு மாதம் ஆனது. திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு எழுந்து, காப்பி போட்டுக்கொண்டு, முடிந்துபோன ஆட்டத்தைப் போனில் சுருக்கமாகப் பார்ப்பேன். கிழவன் செய்த தப்பையெல்லாம் பழைய டைரி ஒன்றில் குறித்துக்கொள்வேன். ஏழு மணிக்கு மணி அடிக்கும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருப்பேன்.

“அவனச் சுத்தி அஞ்சு மாமிச மலை நிக்குது. அவ்ளோ பாதுகாப்பு குடுத்தா நம்ம இஸ்திரிக்காரர்கூட பந்து போடுவாரு.”

“அப்பா, உளறாத. மூணு செகண்டுப்பா! அதுக்குள்ள எவனுக்குப் போடணும்னு பாக்கணும். மூணு செகண்டுல நீ சட்டைல ஒரு பட்டன் போடமாட்ட.”

“ஓடறவன் ஓடறான், பிடிக்கறவன் பிடிக்கறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு பேரு மட்டும் இவனுக்கு.”

“தோத்தா மட்டும் திட்டு யாருக்காம்? அவனுக்குத்தானே?”

இப்படியே போகும். நடுவில் அவன், “இந்த வாரம் கூட்டம் எங்கப்பா?” என்பான். திருவல்லிக்கேணி என்பேன், வேளச்சேரி என்பேன். வாயில் வந்த ஊரைச் சொல்வேன். அது பொய். அதற்கு அப்புறம் வருகிறேன்.

எங்கள் வாசலில், மரத்தடியில், இஸ்திரி வண்டி போட்டிருப்பவருக்கு என் வயதுதான் இருக்கும். என் சத்தம் மாடியிலிருந்து கீழே வரைக்கும் கேட்கும். நான் இறங்கி வந்ததும், “இன்னா சார், கெய்வன் இன்னிக்கி கெலிச்சானா?” என்று கேட்பார். தோற்றுவிட்டான் என்று சொன்னால் அவர் முகம் வாடும். “அத்த வுடு சார். ஆன பட்த்தாலும் குதுர மட்டம்” என்று சட்டைமேல் தண்ணீரைத் தெளிப்பார். ஆட்டம் என்னவென்றே அவருக்குத் தெரியாது. ஆனாலும் கிழவன் கட்சி.

பிப்ரவரியில் சீசன் முடியும். செப்டம்பர் வரை ஒன்றும் கிடையாது. மறுபடியும் சாப்டியா, மழையா, வச்சிடவா. அந்த ஆறேழு மாதம் இருக்கிறதே, அதை எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. லஸ் வரைக்கும் நடப்பேன். மெட்ரோவுக்குத் தோண்டிப்போட்ட தகரத்தடுப்பை ஒட்டியே போய் ஒட்டியே வருவேன். கபாலி கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்திருப்பேன். பேசுவதற்கு ஆள் கிடைத்தால் பேசுவேன், கிடைக்கவில்லையென்றால் வீட்டுக்கு வந்து டிவியோடு சண்டை போடுவேன்.

இப்போது அந்தப் பொய். மூன்று வருடத்துக்கு முன்னால் நடுவர் என் வீட்டுக்கே வந்தார். இருபது வருடம் ஒரே வேனில் போனவர். காப்பி கொடுத்தேன். குடித்தார். “அண்ணே, ஒரு வயசுக்கு மேல நாமளே எறங்கிடணும். தள்ளிவிட்டு எறங்கினா நல்லா இருக்காது. பின்னாடி சின்னப் பசங்க நிக்கறாங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்து அவர் குடித்த டம்ளரைக் கழுவாமல் இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம் மட்டும் எப்படிச் சொல்வது? அப்பா இன்னும் மேடை ஏறுகிறார் என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன சீசன் கிழவனுக்கு நேரம் சரியில்லை. தோல்விமேல் தோல்வி. எனக்கோ திருவிழா. செப்டம்பரிலிருந்தே மகன் சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே கூப்பிட ஆரம்பித்தான். சில வாரம் ஒன்றரை மணி நேரம்கூடப் பேசினான். குரலில் பழைய காரம் இல்லை. ஆனாலும் போனை விடமாட்டான். எல்லாம் என் பேச்சுத்திறமை என்று நினைத்துக்கொண்டேன். மண்டையில் மசாலா இருந்தால்தானே வேறு ஏதாவது தோன்றும்!

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை. வெளியே நல்ல மழை. முந்தின ஆட்டத்தில் கிழவன் நாலு தடவை பந்தை எதிரணிக்காரன் கையிலேயே கொண்டுபோய் எறிந்திருந்தான். சும்மா மெல்கிற வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. டைரியைக்கூடத் திறக்கவில்லை.

“இத பாருடா. ஆளு நல்ல ஆளுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு வயசுக்கு மேல மனுஷன் தானா எறங்கிடணும். தள்ளிவிட்டு எறங்கினா அசிங்கம். பின்னாடி சின்னப் பசங்க நிக்கறாங்க இல்ல? பழைய பேரை வச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு எடத்த அடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்?”

நடுவர் எனக்குச் சொன்னதைத்தான் துடைத்துப் பளபளப்பாக்கி எடுத்துவிட்டேன். என்னைக் குத்தின கத்தி, நன்றாகக் குத்தும் என்று எனக்குத் தெரியுமே.

மழையில் நெட் போய்விட்டதோ என்று “ஹலோ, ஹலோ” என்றேன்.

“இருக்கேன்ப்பா,” என்றான். பிறகு, “நீ சொல்றது சரிதான். எறங்கிடணும்” என்றான்.

ஐந்து வருட வழக்கு, தீர்ப்பு என் பக்கம்! அவன் போனை வைத்ததைக்கூட நான் சரியாகக் கவனிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். இஸ்திரிக்காரர் தார்ப்பாய்க்கு அடியில் கரியை ஊதிக்கொண்டிருந்தார்.

“கேட்டீங்களா? எம் புள்ளயே ஒத்துக்கிட்டான். கிழவன் கதை முடிஞ்சுது.”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “புள்ளகிட்ட கெலிச்சி இன்னா சார் பண்ணப்போற?” என்றார். கிழவன் கட்சிக்காரனுக்கு வயிற்றெரிச்சல் என்று நான் நினைத்துக்கொண்டு, குளத்தங்கரை ஓட்டலுக்குப் போய் நெய் ரவா தோசை சாப்பிட்டேன். இரண்டு காப்பி வேறு.

அடுத்த திங்கட்கிழமை போன் வரவில்லை. ‘பிஸிப்பா’ என்று ஒரு மெசேஜ் வந்தது. அதற்கடுத்த வாரம் வந்தது. கிழவன் ஜெயித்திருந்தான். நான் வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். “மேட்ச் பாக்கலப்பா. சாப்டியா?” என்றான். இரண்டே நிமிடத்தில் வைத்துவிட்டான். மூன்றுகூட இல்லை. ஜெயித்த முட்டாள் நான் என்று அப்போதுதான் உறைத்தது. வாதம் முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்பது பேச்சாளனுக்குத் தெரியாதா? தெரியும். எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அது பாதிதான். மீதி பொங்கலுக்கு முந்தின வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம் வந்தது. மருமகள் கூப்பிட்டாள். அவள் தனியாக என்னைக் கூப்பிட்டதே கிடையாது.

“மாமா, நான் பேசினேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க,” என்றாள். “இப்பதான் வெளிய போனாரு. அவருக்கு வேலை போயிடுச்சு மாமா. செப்டம்பர்லயே. பதினேழு வருஷம் வேலை பாத்த எடம். புது டீம் போடறோம், எளசா வேணும்ங்கற மாதிரி சொல்லி அனுப்பிட்டாங்க. பசங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு தெனமும் ஏழு மணிக்கு டிரெஸ் பண்ணிக்கிட்டுக் கெளம்பறாரு. லைப்ரரி வாசல்ல கார்லயே உக்காந்திருப்பாரு.”

ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தேன்.

“ஞாயித்துக்கெழம ஒண்ணுதான் மாமா அவருக்கு. உங்ககூடச் சண்ட போடறதுக்காக மத்யானத்துலேந்து காத்துக்கிட்டிருப்பாரு. அப்பறம் ஒருநாள் என்னமோ பேசியிருக்கீங்க. அதுலேந்து எந்தக் கம்பெனிக்கும் எழுதிப் போடறதில்ல. கேட்டா, ‘அப்பாவே சொல்லிட்டாரு’ங்கறாரு.”

அப்பாவே சொல்லிட்டாரு.

போனை வைத்துவிட்டு டைரியை எடுத்தேன். செப்டம்பரிலிருந்து படித்தேன். ‘கை தளர்ந்துவிட்டது.’ ‘வேகம் போய்விட்டது, பழைய பெருமையில் ஓட்டுகிறான்.’ ‘இவன் இருந்தால் அணி உருப்படாது.’ ஒவ்வொரு வாரமும் என் கையெழுத்தில், அழகாக, நம்பர் போட்டு. வேலை போன பிள்ளை அங்கே உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டிருக்கிறான். கேட்பதற்காக அரைமணி முன்னதாகவே கூப்பிட்டிருக்கிறான். அவன் கிழவனுக்காகப் பேசவில்லை. யாராவது ஒருவர், இன்னும் நீ வேண்டும்டா என்று சொல்வார்களா என்று பார்த்திருக்கிறான். அவன் அம்மா இருந்திருந்தால் முதல் ‘ஹலோ’விலேயே கண்டுபிடித்திருப்பாள். நான் பாயிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று என்னை நானே சத்தமாகவே திட்டிக்கொண்டேன். கேட்க யாரும் இல்லை.

பட்டிமன்றம் முடிந்தால் எங்களுக்கு வேன் இருந்தது. அந்த வேனில் என் மகன் ஏறினதே இல்லை. நான் மேடையில் பேசினதையெல்லாம் அவன் அப்படியே சுமந்துகொண்டு போயிருக்கிறான்.

மறுநாள் வியாழக்கிழமை மாலை ஆறரைக்கு, அங்கே காலை எட்டு, நானாகக் கூப்பிட்டேன். ஆறு வருடத்தில் நான் டயல் செய்வது அதுதான் முதல் தடவை. அவன்தான் கூப்பிடுவான், நான் எடுப்பேன், அப்படியே பழகிவிட்டது. இரண்டாவது மணியிலேயே எடுத்தான்.

“என்னப்பா? உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்புக்கு ஒண்ணும் இல்ல. கிழவனப் பத்திப் பேசணும்.”

“இப்பவா? ஆபீஸ் வாசல்ல நிக்கறேன்ப்பா.”

லைப்ரரி வாசலில் காரில் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். என்ஜின் ஓடுகிற சத்தம் இல்லை. அந்தக் குளிரில்.

“ரெண்டே நிமிஷம்டா. நான் சொன்னது தப்பு. அவன் எறங்கக் கூடாது. யானை படுத்தாலும் குதிரை மட்டம்.”

லேசாகச் சிரித்தான். “அஞ்சு வருஷமா எதிரணில உக்காந்துட்டு இப்ப என்னப்பா?”

“அணி மாறிட்டேன். நானே கேட்டு வாங்கிக்கிட்டேன்.”

“ஏன்?”

பதில் வைத்திருந்தேன். மத்தியானம் முழுக்க உட்கார்ந்து நாலு பக்கம் எழுதியிருந்தேன். அனுபவம் என்றால் என்ன, பதற்றமில்லாத கை என்றால் என்ன என்று அடுக்கடுக்காக. மேடையில் கைதட்டு நிச்சயம். தாள் கையில் இருக்கிறது. கண்ணாடி போட்டிருக்கிறேன். ஒரு எழுத்துத் தெரியவில்லை.

“என்னையும் எறக்கிட்டாங்கடா,” என்றேன். “மூணு வருஷம் ஆச்சு. திருவல்லிக்கேணியும் இல்ல, வேளச்சேரியும் இல்ல, ஒரு கூட்டமும் கெடையாது. அன்னிக்கு நான் சொன்னேனே, அதெல்லாம் நடுவர் எனக்குச் சொன்னது. இங்கயே உக்காந்து, என் காப்பியக் குடிச்சுக்கிட்டு. அது எவ்ளோ வலிக்கும்னு எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சும் அதயே எடுத்து உங்கிட்ட...”

கிழவனைப் பற்றி என்று முடித்திருக்க வேண்டும். ‘உங்கிட்ட’ என்று வந்துவிட்டது.

கார்க் கதவைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, “அவ போன் பண்ணாளா?” என்றான்.

சொல்லமாட்டேன் என்று மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு பொய் போதும். நாற்பது வருடம் இல்லாததைப் பேசினவனுக்கு ஒரு பொய் வரவில்லை.

அவன் மேலே கேட்கவில்லை. “கூட்டம் இல்லன்னா தெனமும் என்னதான்ப்பா பண்ற?” என்றான்.

“ஒண்ணும் பண்ணல. திங்கட்கெழம வரட்டும்னு உக்காந்திருப்பேன்.”

“நானும்தான்ப்பா,” என்றான்.

என்ன சொல்வது? தைரியமாக இரு என்பதா? அந்த மாதிரி வசனமெல்லாம் எனக்கு மைக்கில்தான் வரும். பேச்சு தீர்ந்துபோனால் நாங்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன்.

“சரிடா,” என்றேன். “வச்சிடவா?”

“வைக்காதப்பா,” என்றான். “பேசவெல்லாம் வேணாம். சும்மா இரு.”

பால்கனி நாற்காலியில் உட்கார்ந்தேன். கீழே இஸ்திரிக்காரர் வண்டியை மூடிக்கொண்டிருந்தார். மந்தைவெளி ஸ்டேஷனில் ரயில் வந்து நின்று போனது. அது அவனுக்கும் கேட்டிருக்கும். அவன் மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. தெருவிளக்கு போட்டார்கள். போன் காதில் சுட்டது. நான் வைக்கவில்லை.